பல் டாக்டர் படிப்புக்கு ஒரு டைம்டேபிள்: நூறு வாரமும் நூறு வருஷமும்

"பி.டி.எஸ்.ஸுக்குத் தனி எக்ஸாம் உண்டா சார்?" பிராஞ்சில் என்னோடு வேலை பார்க்கிறவர்களில் மூன்று பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். என் மகள் பல் மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள் என்பது கொல்கத்தாவில் நமக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. அதில் இரண்டு பேர் அடுத்த கேள்வியையும் கேட்டார்கள். "எத்தனை மாசம் படிக்கணும்? டைம்டேபிள் போட்டாச்சா?"

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். தனித் தேர்வு கிடையாது. எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் பி.டி.எஸ்.ஸுக்கும் ஒரே நீட்தான். இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் நான் பழைய தீர்ப்புகளையும் பழைய பேப்பர்களையும் புரட்ட ஆரம்பித்தேன். நான் படித்தது பி.காம். ப்ளஸ் டூவில் காமர்ஸ் குரூப். தவளையை அறுத்தவனும் இல்லை, டெஸ்ட் ட்யூப் பிடித்தவனும் இல்லை. ஆனால் ஒரு கணக்கைப் பார்த்தால் அதன் முந்தைய வருஷத்து பேலன்ஸைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. டைம்டேபிள் என்பதும் ஒரு கணக்குதானே? அதன் ஓப்பனிங் பேலன்ஸ் எங்கே என்று தேடியதில் நூறு வருஷம் பின்னால் போக வேண்டியதாயிற்று.

அப்படிப் போனதில் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இந்தத் தேர்வுக்கு டைம்டேபிள் போடுகிறவர்களில் படிக்கிற பிள்ளை கடைசி ஆள்தான். அதற்கு முன் சட்டமன்றம், நாடாளுமன்றம், உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம், தேர்வு வாரியம் என்று ஐந்தாறு கைகள் அந்தக் காகிதத்தில் எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கின்றன. அந்தக் கதை தெரியாமல் போடுகிற டைம்டேபிள் முதல் காற்றுக்கே பறந்துவிடும்.

சோடாக் கடைக் காசில் ஒரு கல்லூரி

நாங்கள் இருக்கும் ஊரிலேயே கதை ஆரம்பிக்கிறது. சியால்டா ஸ்டேஷனிலிருந்து மௌலாலி பக்கம் போகிற ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் ரோட்டில் டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. ஆரம்பித்த வருஷம் 1920. ஆரம்பித்தவர் ரஃபியுதீன் அகமது. கிழக்கு வங்காளத்தில் பிறந்து, அமெரிக்கா போய், அயோவா பல்கலைக்கழகத்தில் 1915-ல் பல் மருத்துவப் பட்டம் வாங்கியவர்.

கல்லூரிக்குப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்ற பெயரில் கல்கத்தாவில் அவர் நடத்திய கடையிலிருந்து. ஊருக்குச் சர்க்கரைத் தண்ணீர் விற்ற காசில் பல் வைத்தியம் சொல்லிக் கொடுத்திருக்கிறார் மனுஷர்! ஒரு கையில் வியாதி, மறு கையில் மருந்து என்று சிரிக்கலாம். ஆனால் எந்த பாங்கும் லோன் கொடுக்காத காலத்தில் ஒரு தனி மனிதன் செய்த காரியம் இது. ஜின்னாவின் தங்கை ஃபாத்திமா இங்கேதான் பல் மருத்துவம் படித்தார். 1923-ல் பம்பாயில் கிளினிக் திறந்தார். 1949-ல் அகமது இந்தக் கல்லூரியை மேற்கு வங்க அரசிடம் ஒப்படைத்தார். 1948-ல் பல் மருத்துவர்கள் சட்டம், மறு வருஷம் இந்திய பல் மருத்துவக் கவுன்சில் என்று தேசிய அளவில் ஓர் ஒழுங்கு வந்தது. நம் சென்னையில் 1953-ல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. அதுதான் பிறகு அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆனது.

அகமது படித்த அமெரிக்காவில் பல் மருத்துவத்துக்கென்றே தனி நுழைவுத் தேர்வு உண்டு. 1950 முதல் நாடு முழுக்க நடக்கிறது. அதில் ஒரு வேடிக்கையான பகுதி இருந்தது. பையன் கையில் ஒரு சாக்பீஸும் கத்தியும் கொடுத்து, இந்த அளவில் இந்த வடிவத்தைச் செதுக்கு என்பார்கள். பல் டாக்டருக்குக் கை பேச வேண்டும் இல்லையா? அந்தக் காலத்தில் அங்கே படிப்பு டைம்டேபிளில் சாக்பீஸ் செதுக்கவும் நேரம் ஒதுக்கியிருப்பார்கள். 1972-ல் அதை எடுத்துவிட்டு, வடிவங்களைக் கண்ணால் பார்த்து மனதில் திருப்பிப் பார்க்கும் கேள்விகளைக் கொண்டு வந்தார்கள். அது இன்றும் உண்டு.

அமெரிக்கத் தேர்வில் எனக்குப் பெரிதாகப் பட்டது சாக்பீஸ் அல்ல, தேதி. அங்கே தேர்வு எழுதுகிறவர் தன் தேதியைத் தானே தேர்ந்தெடுக்கிறார். கம்ப்யூட்டர் மையத்தில் ஆண்டு முழுக்க நடக்கும் தேர்வு. எனக்கு இன்னும் பத்து வாரம் வேண்டும் என்றால் பத்து வாரம் தள்ளித் தேதி வாங்கிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி டைம்டேபிள் போட்டுக்கொள்ளலாம். நம் ஊரில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே நாள், ஒரே மதியம். அந்த நாளையும் நாம் முடிவு செய்வதில்லை.

இன்டர்வியூவுக்கு 75 மார்க்

நுழைவுத் தேர்வு வருவதற்கு முன் நம் ஊரில் எப்படிச் சேர்த்தார்கள்? பி.யு.சி. மார்க், அதோடு நேர்முகத் தேர்வு. இதில் நடந்த இரண்டு மருத்துவக் கல்லூரி வழக்குகள் இன்றும் சட்டப் புத்தகங்களில் இருக்கின்றன. மதராஸ் மாநிலத்தில் மாவட்ட வாரியாக இடங்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். 1968-ல் ராஜேந்திரன் வழக்கில் உச்சநீதிமன்றம் அது செல்லாது என்றது. மாவட்டம் போனதும் 'யூனிட்' என்று கல்லூரிகளைப் பிரித்தார்கள். 1970-ல் பெரியகருப்பன் வழக்கில் அதுவும் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அந்த வழக்கில்தான் இன்டர்வியூவுக்கு 75 மார்க் வைத்திருந்ததும், அதைப் போட்ட விதமும் கேள்விக்கு உள்ளாயின.

அந்தக் காலத்துப் பையனுக்கு டைம்டேபிள் என்று என்ன இருந்திருக்கும்? பி.யு.சி. பரீட்சை வரை படிப்பு. அதற்குப் பிறகு ஒரு நல்ல சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, 'மே ஐ கம் இன் சார்' என்று சொல்லத் தெரிந்த நாக்கு. வீட்டில் முதல் தலைமுறையாகப் படித்தவனுக்கு அந்த 75 மார்க்குக்கு எந்தப் புத்தகத்தைப் படிப்பது என்று யார் சொல்லியிருப்பார்கள்? எழுத்துத் தேர்வுதான் நியாயம் என்ற எண்ணம் வலுவடைய இதுவும் ஒரு காரணம். நுழைவுத் தேர்வு ஏழைக்கு எதிரானது என்ற வாதத்தை மட்டும் கேட்டு வளர்ந்த நமக்கு, அது ஒரு காலத்தில் ஏழைக்கு ஆதரவான வாதமாகவும் இருந்தது என்பது ஆச்சரியமாக இருக்கும். இரண்டிலும் உண்மை இருக்கிறது என்பதே என் எண்ணம்.

முந்நூறு மார்க் காலம்

1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. மருத்துவம், பல் மருத்துவம் இரண்டுக்கும் கணக்கு இப்படி: ப்ளஸ் டூ உயிரியல் 100, இயற்பியலும் வேதியியலும் சேர்த்து 100, நுழைவுத் தேர்வு 100. ஆக 300.

நான் 1996-ல் திருநெல்வேலியில் ப்ளஸ் டூ முடித்தேன். எங்கள் காமர்ஸ் குரூப்புக்கு மார்ச்சோடு விடுதலை. பயாலஜி குரூப் பையன்களுக்கு அப்போதுதான் இரண்டாவது சீசன் ஆரம்பம். கடைசிப் பரீட்சை எழுதின மறுநாளே கோச்சிங் கிளாஸ். நாங்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்க, அவர்கள் சைக்கிளில் கைடு கட்டிக்கொண்டு போவார்கள். அவர்களுடைய டைம்டேபிள் இரண்டு அடுக்கு. மார்ச் வரை பக்கம் பக்கமாக எழுதிப் பழக வேண்டும். அதற்குப் பிறகு சில வாரங்களில் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பழக வேண்டும். பாடம் அதே பாடம். கை மட்டும் மாற வேண்டும். ஊரில் கோச்சிங் கிடைத்தவனுக்கு அந்த வாரங்கள் தங்கம். கிராமத்திலிருந்து பஸ் ஏற வழியில்லாதவனுக்கு அதே வாரங்கள் வெறும் கோடை விடுமுறை.

இந்த வித்தியாசம்தான் கடைசியில் தேர்வையே எடுக்க வைத்தது. 2005-லும் 2006 தொடக்கத்திலும் அரசு எடுத்த முயற்சிகள் உயர்நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2006 டிசம்பரில் சட்டமன்றம் புதிய சட்டம் நிறைவேற்றி, 2007-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வந்தது. அந்த ஆண்டு முதல் ப்ளஸ் டூ மார்க்தான், 200-க்கு கட் ஆஃப். தமிழ்நாட்டுப் பிள்ளையின் டைம்டேபிள் மறுபடி ஒற்றை அடுக்கானது. மார்ச்சில் முடிந்தது, முடிந்ததுதான்.

நம்மைப் போன்றவர்களுக்கு வந்த 15 சதவீதம்

இனி நம் கதை. ஊர் விட்டு ஊர் போய் பிழைக்கிற குடும்பங்களின் கதை.

ஒவ்வொரு மாநிலமும் தன் கல்லூரிகளைத் தன் பிள்ளைகளுக்கென்று வைத்துக்கொண்டால், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர் ஆகிறவன் பிள்ளை எந்த மாநிலத்துப் பிள்ளை? இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்குப் போனதில் ஒரு மதராஸ் தொடர்பு உண்டு. மதராஸ் பல்கலைக்கழகத்தில் எம்.பி.பி.எஸ். முடித்த ஜகதீஷ் சரண் என்பவர், டில்லி பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவ மேற்படிப்புக்குத் தேர்வு எழுதித் தேறினார். ஆனால் அங்கே 70 சதவீத இடம் டில்லியில் படித்தவர்களுக்கே என்று விதி. அவருக்கு இடமில்லை. 1980-ல் உச்சநீதிமன்றம் அந்த வழக்கைத் தீர்த்தபோது தீர்ப்பு எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர்.

அடுத்தது 1984 ஜூன் 22. பிரதீப் ஜெயின் வழக்கு. பி.என். பகவதி உள்ளிட்ட மூவர் அமர்வு. மண்ணின் மைந்தர்களுக்கே எல்லா இடமும் என்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம், எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இடங்களில் ஒரு பங்கு நாடு முழுமைக்கும் திறந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பு. முதலில் சொன்ன அளவு 30 சதவீதம். தினேஷ் குமார் வழக்கில் 1986-ல் அது மொத்த இடங்களில் 15 சதவீதம் என்று நிலைத்தது. அந்த 15 சதவீதத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஒரு பொதுத் தேர்வு வேண்டுமே? 1988 முதல் சி.பி.எஸ்.இ. அதை நடத்தியது. அதுதான் ஏ.ஐ.பி.எம்.டி.

கவனித்தீர்களா? அதே 1984-ல் தமிழ்நாடு தன் பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு வைக்கிறது. அதே 1984-ல் டில்லியில் நாடு முழுமைக்கும் ஒரு தேர்வுக்கு வித்து விழுகிறது. இரண்டு தண்டவாளங்கள். ஊரில் இருந்தவர்களுக்கு முதல் தண்டவாளம் போதும். வெளியில் இருந்த நமக்கு இரண்டாவதுதான் நம்பிக்கை. தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வே இல்லாத 2007-க்குப் பிந்தைய வருஷங்களிலும், டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் ஏ.ஐ.பி.எம்.டி., அந்தந்த மாநிலத் தேர்வு, தனியார் பல்கலைக்கழகத் தேர்வுகள் என்று அலைந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனி டி.டி. அந்தச் சீசனில் எங்கள் கவுண்டரில் டி.டி. எடுக்க நிற்கும் அப்பாக்களைப் பார்த்தாலே அவர்கள் வீட்டு டைம்டேபிள் தெரிந்துவிடும். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை வாரம் ஒரு ஊர், வாரம் ஒரு பரீட்சை.

ஒரே தேர்வு, ஓடும் தேதி

இத்தனை தேர்வு வேண்டாம், ஒன்றே போதும் என்று வந்ததுதான் நீட். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நடந்ததைத் தேதி வாரியாகப் பாருங்கள்.

2013: மே 5-ல் முதல் நீட். ஜூலை 18-ல் உச்சநீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அது செல்லாது என்றது. ஏற்கெனவே நடந்த சேர்க்கைகளை மட்டும் தொடவில்லை.

2014: மறுபடி ஏ.ஐ.பி.எம்.டி.

2015: மே 3-ல் நடந்த ஏ.ஐ.பி.எம்.டி. முறைகேடு காரணமாக ஜூன் 15-ல் ரத்து. ஜூலை 25-ல் மறுதேர்வு. இடைவெளி 83 நாள்.

2016: ஏப்ரல் 11-ல் 2013 தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. ஏப்ரல் 28-ல், மூன்று நாள் கழித்து நடக்கவிருந்த ஏ.ஐ.பி.எம்.டி.யே நீட்டின் முதல் கட்டம் என்று உத்தரவு. இரண்டாம் கட்டம் ஜூலை 24. நடுவில் மே 24-ல் அவசரச் சட்டம் வந்து, மாநிலங்களுக்கு அந்த ஒரு வருஷம் விலக்கு கிடைத்தது. பல் மருத்துவர்கள் சட்டத்திலும் பொது நுழைவுத் தேர்வுக்கான பிரிவு சேர்ந்தது அப்போதுதான்.

2017: விலக்கு நீடிக்கும் என்று தமிழ்நாடு ஆகஸ்ட் வரை நம்பியது. ஆகஸ்ட் 22-ல் நீட் மார்க் படிதான் சேர்க்கை என்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது.

2020: கொரோனா. மே 3 தேர்வு ஜூலை 26 ஆகி, அதுவும் தள்ளிப் போய் செப்டம்பர் 13-ல் நடந்தது. 133 நாள் தாமதம்.

2021: செப்டம்பர் 12. கேள்வித்தாளும் மாறியது. 200 கேள்வி கொடுத்து 180-க்கு விடை எழுதச் சொன்னார்கள்.

2022: ஜூலை 17.

2023: மே 7.

2024: மே 5. வினாத்தாள் கசிவுப் புகார். கருணை மார்க் பெற்ற 1,563 பேருக்கு ஜூன் 23-ல் மறுதேர்வு. முழுத் தேர்வையும் ரத்து செய்ய முடியாது என்று ஜூலை 23-ல் உச்சநீதிமன்றம் சொல்லும் வரை 23 லட்சம் பேருக்கு முடிவு தெரியாத நிலை.

2025: மே 4. பழையபடி 180 கேள்வி, 180 நிமிடம்.

இந்தப் பட்டியலில் 2017 என்ற வரியை எழுதும்போது கை நின்றது. அரியலூர் மாவட்டத்து அனிதா. ப்ளஸ் டூவில் 1200-க்கு 1176. அவர் போட்டிருந்த டைம்டேபிள் ப்ளஸ் டூவுக்கானது. அதில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. அவர் படித்து முடித்த பிறகு விதி மாறியது. உச்சநீதிமன்றம் வரை போய் வாதாடினார். தீர்ப்பு எதிராக வந்த பின், செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். நீட் வேண்டும், வேண்டாம் என்று நம்மில் யார் எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு வருஷம் படிக்க வேண்டிய ஒரு பிள்ளைக்கு, விதியை இரண்டு வருஷம் முன்னால் சொல்வதுதான் நியாயம். பெரியவர்கள் நமக்குள் போடும் சண்டையின் செலவு பிள்ளைகளின் கணக்கில் டெபிட் ஆகக்கூடாது. 2013 முதல் 2025 வரை மேலே உள்ள வரிகளில் அது எத்தனை முறை டெபிட் ஆகியிருக்கிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

பல் இல்லாத பாடத்திட்டம்

தேதி மட்டுமல்ல, பாடமும் ஓடுகிறது. 2023 அக்டோபரில் தேசிய மருத்துவ ஆணையம் 2024 தேர்வுக்கான பாடத்திட்டத்தைக் குறைத்து வெளியிட்டது. என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் ஏற்கெனவே நீக்கியிருந்த பாடங்கள் இதிலும் போயின. நல்லதுதானே என்பீர்கள். ஆனால் 2022 ஜூனில் பதினொன்றாம் வகுப்பில் உட்கார்ந்து அந்தப் பாடங்களை எழுதி எழுதிப் பார்த்த பிள்ளையின் அந்த வாரங்கள் எங்கே போய் வரவு வைப்பது?

நீக்கியதில் ஒன்று 'செரிமானமும் உட்கிரகித்தலும்'. அந்தப் பாடத்தில்தான் மனிதப் பற்களைப் பற்றி வரும். பால் பல், நிலைப் பல், நான்கு வகைப் பற்கள், 2123/2123 என்கிற பற்சூத்திரம் எல்லாம் அதில். இதை மகளிடம் சொன்னபோது அவள் கேட்டாள். "அப்பா, அப்போ பல் டாக்டர் ஆகறதுக்கு எழுதற பரீட்சையில பல்லைப் பத்தி ஒரு பாடம்கூட இல்லையா?"

இல்லைம்மா! பூவின் சூல்பை பற்றிக் கேட்பார்கள். மின்தேக்கி பற்றிக் கேட்பார்கள். பல்லைக் கேட்க மாட்டார்கள். அமெரிக்கா சாக்பீஸாவது செதுக்கச் சொன்னது. இங்கே கையின் பரீட்சை எல்லாம் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான். முதல் வருஷமே மெழுகுக் கட்டியில் பல்லைச் செதுக்க வைப்பார்கள்.

எங்கள் வீட்டு நூறு வாரம்

சரி, டைம்டேபிளுக்கு வருவோம். இந்தச் சரித்திரத்திலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டவை இவை.

ஒன்று, மாறாதது எது என்று பார்ப்பது. தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வு, ஏ.ஐ.பி.எம்.டி., நீட் எல்லாவற்றிலும் மாறாமல் இருந்தது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், வேதியியல், உயிரியல். பெயர் மாறியது, நடத்துகிறவர் மாறினார், தேதி மாறியது. இந்த மூன்று பாடங்களின் அடிப்படை மாறவில்லை. அதனால் பெரும் பங்கு நேரம் பாடப் புத்தகத்துக்கு. 'இந்த வருஷ பேட்டர்ன்' என்று விற்கிற பொட்டலங்களுக்குக் கடைசி இடம்.

இரண்டு, பதினொன்றாம் வகுப்பு ஜூனிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து வரும் மே முதல் வாரம் வரை எண்ணினால் ஏறக்குறைய நூறு வாரம். அதை இப்படிப் பிரித்தோம். பாடம் படிக்க 64 வாரம். பள்ளித் தேர்வுக்கும் போர்டு தேர்வுக்கும் 12 வாரம். மறுபடிப்புக்கும் முழு மாதிரித் தேர்வுகளுக்கும் 14 வாரம். மீதி 10 வாரம் எதற்கும் ஒதுக்காமல் வைத்திருக்கிறோம். பாங்கில் இதற்கு 'ப்ரொவிஷன்' என்று பெயர். காய்ச்சல், ஊரில் கல்யாணம், துர்கா பூஜைக் கூட்டம், அப்பாவின் டிரான்ஸ்ஃபர் ஆர்டர், பாடத்திட்ட மாற்றம் எதுவானாலும் இதிலிருந்து எடுக்கலாம். ப்ரொவிஷன் இல்லாத பேலன்ஸ் ஷீட் பார்க்க அழகாக இருக்கும். ஒரு கெட்ட வருஷத்தில் பல்லைக் காட்டிவிடும்.

மூன்று, தேர்வு முடிந்த அன்றே புத்தகத்தை எடைக்குப் போடுவதில்லை. 2015-லும் 2016-லும் இரண்டாவது வாய்ப்பு வந்தது பன்னிரண்டு வாரம் கழித்து. 2024-ல் ஏழு வாரம் கழித்து ஒரு பகுதியினருக்கு. தேர்வு தள்ளிப் போனால் புதிதாக வெறி பிடித்துப் படிக்க வேண்டாம், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் துரு பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம். 2020-ல் அந்த 133 நாளும் முழு வேகத்தில் ஓடப் பார்த்தவர்களுக்கு செப்டம்பரில் மூச்சு மிஞ்சியிருக்குமா?

நான்கு, தினசரிக் கணக்கு. 2025-ல் வந்தபடி 180 கேள்விக்கு 180 நிமிடம். அதில் பாதி, 90 கேள்வி, உயிரியல். அதை 45 நிமிடத்தில் முடித்தால் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் கேள்விக்கு ஒன்றரை நிமிடம் கிடைக்கும். அதனால் உயிரியல் தினமும் உண்டு, ஞாயிறு உட்பட. இயற்பியல் கணக்குகள் கடிகாரம் வைத்துத்தான். சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு. தெரியாததை விட்டுவிட்டு வரவும் பயிற்சி வேண்டும்.

ஐந்து, மதியத் தூக்கம். சிரிக்காதீர்கள். 2018 வரை காலையில் நடந்த தேர்வு 2019 முதல் மதியம் 2 மணிக்குப் போய்விட்டது. கொல்கத்தாவில் மே மாதம் மதியம் 2 மணிக்கு என்ன புழுக்கம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அதுவும் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு! அதனால் கடைசி 14 வாரமும் ஞாயிறு மாதிரித் தேர்வு சரியாக 2 மணிக்கு. அன்று வீட்டில் அனைவருக்கும் தயிர் சாதம்தான் என்று வீட்டம்மா அறிவித்துவிட்டார்.

இவ்வளவும் எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் பொருந்துமே, பல் மருத்துவத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் படித்தால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். தனியார் கல்லூரியில் பணம் கட்டிச் சேர்வதானால் ஓரளவு உண்மை. அரசுக் கல்லூரியில் பி.டி.எஸ். இடங்கள் குறைவு. எழுதுகிறவர்கள் அதே இருபது லட்சம் பேர். எஜுகேஷன் லோன் டெஸ்க்கில் இருந்திருக்கிறேன். ஐந்து வருஷப் படிப்பு முடிந்து கிளினிக் வைக்க இன்னொரு கடன் வாங்க வேண்டிய பிள்ளைக்கு, முதல் கடன் சின்னதாக இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

பெற்றோருக்கும் ஒரு டைம்டேபிள்

மகளுக்கு நூறு வாரம் என்றால் எனக்கு ஒரு ஃபைல். 15 சதவீதம் போக மீதி 85 சதவீதம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு விதி. வெளியில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு ஊரில் இடம் கேட்க நேட்டிவிட்டி சான்றும் பெற்றோரின் ஆவணங்களும் வேண்டும். இருக்கும் மாநிலத்தில் கேட்க அங்கே எத்தனை வருஷம் இருந்தோம், படித்தோம் என்பது வேண்டும். இரண்டு மாநில விளக்கக் குறிப்பேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் நம் பிள்ளை வருவாள் என்று பதினொன்றாம் வகுப்பிலேயே பார்த்துவிட வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு தாசில்தார் ஆபீஸுக்கு ரயில் ஏறினால் முதல் ரவுண்டு போய்விடும்.

2021-22 முதல் அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓ.பி.சி.க்கு 27 சதவீதமும், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 சதவீதமும் உண்டு. நம் ஊர் பி.சி., எம்.பி.சி. சான்று வேறு, மத்திய அரசு படிவத்தில் வாங்கும் ஓ.பி.சி. சான்று வேறு. இதில் தடுமாறுகிறவர்கள் அதிகம். படிவத்தைச் சரி பார்த்து, தேவையான நிதியாண்டுக்கு வாங்கி வையுங்கள்.

1984-ல் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து, இந்த நாட்டில் எங்கே போய் வேலை பார்த்தாலும் உன் பிள்ளைக்கு ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். நாற்பது வருஷம் கழித்து, திருநெல்வேலிக்காரன் ஒருவனின் மகள் கொல்கத்தாவில் உட்கார்ந்து படிப்பது அந்த வாசலை நம்பித்தான். வாசல் சின்னது, கூட்டம் பெரிது, திறக்கும் நேரமும் அடிக்கடி மாறுகிறது. அவள் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் டைம்டேபிளில் அந்தப் பத்து வாரக் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதில் எதையாவது நிரப்பச் சொல்கிறார்கள். அதை அப்படியே விடச் சொல்லியிருக்கிறேன்.

பி.கு.: விதிகள் வருஷா வருஷம் மாறும். மேலே சொன்ன ஒதுக்கீட்டையும் படிவங்களையும் அந்தந்த ஆண்டு அதிகாரபூர்வ அறிவிப்போடு ஒருமுறை சரி பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சரித்திரம் படித்த பிறகும் நான் செய்கிற முதல் வேலை அதுதான்.